பட்டாலியன் அலுவலகத்தில் ஓர் ஆண்டு

ஒரு காலாட்படை பட்டாலியனில் ஏறத்தாழ 800 பேர் இருப்பார்கள். ரோந்து, பதுங்குகுழி, துப்பாக்கி என்று தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அவர்களுடைய வாழ்க்கையின் ஒரு பகுதிதான். அந்த 800 பேருக்கும் மாதம் தவறாமல் சம்பளம் போக வேண்டும். சாப்பாடு, குளிருக்கான உடுப்பு, ஊருக்குப் போக விடுப்பு, ரயிலில் இலவசமாகப் போக வாரண்ட் எனப்படும் பயண ஆணை எல்லாம் கிடைக்க வேண்டும். ஒருவருக்குக் கல்யாணம் ஆகும். இன்னொருவருக்குக் குழந்தை பிறக்கும். ஒருவர் நாயக்கிலிருந்து ஹவில்தாராக உயர்வார். ஒருவருக்குக் குண்டடி படும். இவை ஒவ்வொன்றும் உரிய காலத்தில் எழுத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால், அரசின் கணக்கைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை.

இந்த வேலையைச் செய்கிற சிறு குழு பட்டாலியன் தலைமையகத்தில் இருக்கிறது. அதன் ஓராண்டு எப்படிப் போகிறது என்பதை, மகனையோ கணவரையோ படைக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களும், அக்னிவீர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஓய்வு பெற்ற பிறகு வரும் சிக்கல்களில் பலவற்றுக்கு வேர், பல ஆண்டுகளுக்கு முன்பு அந்த அலுவலகத்தில் எழுதப்பட்ட, அல்லது எழுதாமல் விடப்பட்ட, ஒரு வரியில் இருக்கும்.

மெட்ராஸ் ரெஜிமென்ட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தன் தொடக்கத்தை 1758ஆம் ஆண்டில் வைத்து எண்ணும் பழம்பெரும் காலாட்படை ரெஜிமென்ட் அது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா இளைஞர்கள் அதில் சேர்கிறார்கள். பயிற்சி மையம் நீலகிரியில் உள்ள வெல்லிங்டனில். பயிற்சி முடிந்ததும் வீரர் ஒரு பட்டாலியனுக்குப் போகிறார். அது காஷ்மீரில் இருக்கலாம், அருணாசலப் பிரதேசத்தில் இருக்கலாம், ராஜஸ்தான் பாலையில் இருக்கலாம். ஆனால் அவருடைய பணி ஆவணங்கள் வெல்லிங்டனில் உள்ள ரெக்கார்ட் ஆபீஸிலேயே இருக்கும். சம்பளக் கணக்கும் அங்கேயே, பாதுகாப்புக் கணக்குத் துறை நடத்தும் சம்பளக் கணக்கு அலுவலகத்தில் இருக்கும். ஆள் ஓரிடம், ஆவணம் ஓரிடம். இந்த இடைவெளியை ஆண்டு முழுக்க நிரப்பிக்கொண்டிருப்பதுதான் பட்டாலியன் அலுவலகத்தின் வேலை.

யார் யார் இருக்கிறார்கள்

பட்டாலியனின் தலைவர் கமாண்டிங் ஆபீசர், கர்னல் பதவியில் இருப்பவர். அவருக்குக் கீழே நிர்வாகம் இரண்டு கிளையாகப் பிரியும். ஆட்களைப் பற்றிய எல்லாம் அட்ஜூடன்ட்டிடம்: வருகை, விடுப்பு, ஒழுக்கம், பதவி உயர்வு, ஆவணம். பொருள்களைப் பற்றிய எல்லாம் குவார்ட்டர் மாஸ்டரிடம்: ரேஷன், உடை, எரிபொருள், கூடாரம், குடியிருப்பு. குவார்ட்டர் மாஸ்டர் பல பட்டாலியன்களில் சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தவராக இருப்பார். அந்த அனுபவம் அந்த நாற்காலிக்குத் தேவை என்பது என் எண்ணம். ஒரு மலைச்சாவடிக்கு எத்தனை டின் மண்ணெண்ணெய் போதும் என்பதை அங்கே குளிர்காலம் கழித்தவரே சரியாகச் சொல்வார்.

அலுவலகத்தை நாள்தோறும் நடத்துபவர் ஹெட் கிளார்க். அவர் ஹவில்தாருக்கு மேலான சுபேதார் அல்லது நாயப் சுபேதார் நிலையில் இருப்பார். அதிகாரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிப்போவார்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த விதி எப்போது மாறியது என்ற நினைவு இவரிடம் தங்கும். அவருக்குக் கீழே கிளார்க்குகள்: ஒருவர் ஆவணத்துக்கு, ஒருவர் கணக்குக்கு, ஒருவர் குவார்ட்டர் மாஸ்டர் பிரிவுக்கு என்று. பட்டாலியனின் உட்பிரிவான ஒவ்வொரு கம்பெனியிலும் கம்பெனி ஹவில்தார் மேஜரும் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தாரும் இந்த அலுவலகத்தின் கைகளாக இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பக்கத்தில், ஆனால் எந்தக் கிளைக்குள்ளும் அடங்காமல், சுபேதார் மேஜர் இருக்கிறார். கமாண்டிங் ஆபீசரிடம் நேராகப் போய், வீரர்களின் மனநிலையைச் சொல்லக்கூடியவர் அவர்.

கிளார்க் என்றால் சீருடை போட்ட குமாஸ்தா என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவர்களைப் போலவே அவரும் அடிப்படைப் பயிற்சி முடித்தவர். முதுகுச் சுமையோடு 5 கி.மீ. ஓடும் தகுதித் தேர்வும் துப்பாக்கி சுடும் தேர்வும் அவருக்கும் உண்டு. எல்லைப் பகுதியில் இரவுக் காவலும் வரும்.

பார்ட் டூ ஆர்டர்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது பார்ட் டூ ஆர்டராக இருக்கட்டும்.

பட்டாலியன் இரண்டு வகை ஆணைகளை வெளியிடுகிறது. முதல் பகுதி உள்விவகாரம்: நாளை யாருக்குக் காவல், எந்த நேரத்தில் அணிவகுப்பு. இரண்டாம் பகுதி அப்படியல்ல. ஒரு வீரரின் பணியிலோ குடும்பத்திலோ நடக்கும், சம்பளத்தையும் உரிமையையும் பாதிக்கும் ஒவ்வொரு மாற்றமும் அதில் வரிசை எண்ணோடு பதிவாகும். விடுப்பில் போனது, திரும்பியது, பதவி உயர்ந்தது, பயிற்சி வகுப்பில் தேறியது, மருத்துவமனையில் சேர்ந்தது, திருமணம், குழந்தை பிறப்பு, வாரிசு நியமனம் எல்லாம் இதில் அடங்கும். அது ரெக்கார்ட் ஆபீஸுக்கும் சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கும் போகும். அந்த வரியைப் பார்த்துத்தான் அங்கே உள்ளவர்கள் ஷீட் ரோல் எனப்படும் பணிப்பதிவேட்டைத் திருத்துகிறார்கள், படியைக் கூட்டுகிறார்கள் அல்லது குறைக்கிறார்கள். இப்போது பெரும்பகுதி கணினி வழியாகவே போகிறது. வீரர் தன் சம்பளச் சீட்டைக் கைப்பேசிச் செயலியிலேயே பார்க்கலாம். ஆனால் முறை அதேதான். யாராவது ஒருவர் உட்கார்ந்து, சான்றிதழைப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் பதிய வேண்டும்.

தமிழ் வீரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. மனைவியின் பெயர் இன்னும் மோசம். லட்சுமி என்பதை ஆங்கிலத்தில் எழுத நான்கைந்து வழி உண்டு. கல்யாணமானதும் வீரர் ஒரு மாதிரி எழுதிக் கொடுக்கிறார். மனைவி தன் ஊரில் ஆதார் எடுக்கும்போது வேறு மாதிரி பதிவாகிறது. பணியில் இருக்கும் வரை இதனால் பெரிய தொல்லை இருக்காது. கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போது, ஆவணத்தில் உள்ள பெண்ணும் எதிரே நிற்கும் பெண்ணும் ஒருவர்தானா என்ற கேள்வி வந்துவிடும். அதன்பின் உறுதிமொழிப் பத்திரம், வட்டாட்சியர் அலுவலகம், அரசிதழ் அறிவிப்பு என்று அலைச்சல். எழுபது வயதில் பிளாஸ்டிக் பையில் தாள்களை வைத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை பொங்கும். பணியில் இருந்தபோது ஒரே ஒரு பார்ட் டூ ஆர்டரில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஆகவே, உங்கள் வீட்டில் யாராவது படையில் இருந்தால், அடுத்த விடுப்பில் அவர் வரும்போது பெற்றோர், மனைவி, குழந்தைகளின் பெயரும் பிறந்த தேதியும் ரெக்கார்ட் ஆபீஸ் பதிவில் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சான்றிதழ் நகல்களோடு பட்டாலியனுக்குத் திரும்பச் சொல்லுங்கள். மறுமணம், விவாகரத்து, வாரிசு மாற்றம் என்றால் இன்னும் கவனம் தேவை.

விடுப்புத் திட்டம்

படையில் விடுப்பு ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கிடப்படுகிறது. சிப்பாய்க்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். கேட்க நிறைய. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் போக முடியாது. சாவடிகளில் ஆள் குறையக் கூடாது. அதனால் ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கான திட்டத்தை முன்கூட்டியே போட்டு அலுவலகத்துக்குத் தருகிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் அந்தத் திட்டத்தைப் போடுவது சாதாரண வேலை இல்லை. தமிழருக்குப் பொங்கல், மலையாளிக்கு ஓணம், கன்னடருக்குத் தசரா, தெலுங்கருக்கு உகாதியும் சங்கராந்தியும், கிறிஸ்தவருக்கு டிசம்பர் கடைசி வாரம். தை, ஆவணி என்றால் தங்கை கல்யாணம். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் கொடை இருக்கிறது. நல்ல ஹெட் கிளார்க் சென்ற ஆண்டுப் பதிவை எடுத்து வைத்துக்கொள்வார். போன பொங்கலுக்குப் போனவர் இந்தப் பொங்கலுக்குக் காவலில் நிற்பார்.

விடுப்புச் சீட்டு கையில் வந்துவிட்டால் போதாது, வீடு போய்ச் சேர வேண்டுமே. ஆண்டு விடுப்புக்கு ஒருமுறை இலவச ரயில் வாரண்ட் உண்டு. காஷ்மீரின் குப்வாராவில் இருக்கும் ஒரு வீரர் முதலில் படைவண்டித் தொடரில் ஜம்முவுக்கு இறங்க வேண்டும். பனியோ நிலச்சரிவோ நெடுஞ்சாலையை மூடினால் தங்கல் முகாமில் காத்திருக்க வேண்டும். 2025 ஜூனிலிருந்து ஜம்முவுக்கு அருகிலுள்ள கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் நேரடி ரயில் ஓடுகிறது. இனி இது ஓரளவு எளிதாகும். ஜம்முவிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் வர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறைதான். அந்த ரயிலின் மொத்தத் தடம் 3,700 கி.மீ.க்கும் மேல், வந்து சேர மூன்று நாள். வாரண்டின் தேதியும் படைவண்டி கிளம்பும் நாளும் ரயில் நாளும் பொருந்தும்படி பார்ப்பது ஒரு கிளார்க்கின் வேலை. அவர் ஒருநாள் பிசகினால் வீரருக்கு வீட்டில் இருக்கும் நாள்களில் ஒரு வாரம் போய்விடும்.

விடுப்பு முடிந்தும் ஒருவர் வரவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதைக் குடும்பங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அலுவலகம் முதலில் வீட்டைத் தொடர்புகொள்ளும். அனுமதியின்றி வராதவர் என்று பதிவாகி, அவரைப் பிடித்து ஒப்படைக்கும்படி சொந்த மாவட்டக் காவல்துறைக்குக் கடிதம் போகும். 30 நாள் கடந்தால் 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டப்படி விசாரணை நீதிமன்றம் (கோர்ட் ஆஃப் என்கொயரி எனப்படும் படையின் உள் விசாரணைக் குழு) கூடும். அதற்குப் பிறகு அவர் பெயர் படையை விட்டு ஓடியவர் என்ற பட்டியலில் ஏறும். உடல்நலம் கெட்டிருந்தால் அருகில் உள்ள இராணுவ மருத்துவமனைக்குப் போங்கள், பட்டாலியனுக்கு உடனே தகவல் சொல்லுங்கள். தனியார் மருத்துவரின் சீட்டை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடுவது ஆபத்து.

மார்ச்சும் அதன் பிறகும்

மார்ச் 31இல் நிதியாண்டு முடிகிறது. எந்த அரசு அலுவலகத்தையும் போலவே அந்த மாதம் கணக்குப் பிரிவில் விளக்கு அணைவதில்லை. ஒதுக்கிய பணம் செலவாகியிருக்க வேண்டும், ரசீது இருக்க வேண்டும். பாதுகாப்புக் கணக்குத் துறையின் உள்ளூர்த் தணிக்கையாளர்கள் வருவார்கள். இதோடு, பல பட்டாலியன்கள் அடங்கிய பிரிகேடின் கமாண்டர் நடத்தும் ஆண்டு ஆய்வும் உண்டு. அதற்கு முன் ஆயுதம் முதல் சமையல் பாத்திரம் வரை எண்ணப்படும். ஒரு பொருள் குறைந்தால் விசாரணை. இவை பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

குவார்ட்டர் மாஸ்டரின் உண்மையான சோதனை கோடையில்தான் தொடங்குகிறது. லடாக் பக்கம் இருக்கும் பட்டாலியனை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் பாதை சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள சோஜி லா கணவாயைக் கடக்கிறது. குளிர்காலத்தில் பனி அதை மூடிவிடும். எல்லைச் சாலைகள் அமைப்பு மூடும் காலத்தை அண்மை ஆண்டுகளில் வெகுவாகக் குறைத்திருக்கிறது. இருந்தாலும் உயரத்தில் உள்ள தனிச்சாவடிகள் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டே இருக்கும். எனவே பாதை திறந்திருக்கும் மாதங்களிலேயே அரிசி, பருப்பு, டின் உணவு, மண்ணெண்ணெய், பேட்டரி, மருந்து, பனிக்காலணி எல்லாம் மேலே போயாக வேண்டும். லாரி போகும் வரை லாரி, அதற்கு மேல் கோவேறு கழுதையும் சுமைதூக்குபவர்களும், சில இடங்களுக்கு ஹெலிகாப்டர்.

இதில் கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? ஒரு சாவடியில் 12 பேர், ஆறு மாதம் என்றால் 180 நாள். 12ஐ 180ஆல் பெருக்கினால் 2,160 ஆள்நாள். ஒரு ஆள்நாளுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு எண்ணெய் என்று அளவுப் பட்டியல் இருக்கிறது. அதைப் பெருக்கினால் மொத்தம். தென்னிந்திய வீரர்கள் என்பதால் அரிசி கூடுதலாகவும் கோதுமை மாவு குறைவாகவும் கேட்க வேண்டும். ஆனால் அந்த உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும், சோறு வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் சமையல் இல்லை. குக்கரின் ரப்பர் வளையம் பனியில் வெடித்துப்போனால் பிப்ரவரியில் எங்கே வாங்குவது? பத்து வளையங்களை மறக்காமல் மேலே அனுப்பியவரை அந்தச் சாவடி ஏப்ரல் வரை வாழ்த்தும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டாலியனே இடம் மாறும். களப்பகுதியிலிருந்து அமைதிப்பகுதிக்கு, மறுபடியும் களத்துக்கு. முன்குழு போய் இடத்தை எடுத்துக்கொள்ளும், பின்குழு பழைய இடத்தைக் கணக்கோடு ஒப்படைக்கும், நடுவில் தனி இராணுவ ரயிலில் 800 பேரும் ஆயுதங்களும் கோப்புகளும் சமையல் அண்டாக்களும் போகும். அமைதிப்பகுதியில் இருந்த குடும்பங்கள் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கான குடியிருப்பைத் தேட வேண்டும், அல்லது ஊருக்குத் திரும்ப வேண்டும். பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ்களுக்காகவே ஒரு கிளார்க் பல வாரம் அலைவார். அந்த ஆண்டில் மற்ற வேலைகள் எதுவும் குறையாது என்பதுதான் கொடுமை.

தேர்தல் ஆண்டு என்றால் இன்னொரு வேலை சேரும். வீரர் தன் சொந்த ஊர்த் தொகுதியில் பணிவாக்காளராகப் பதிய படிவம் 2ஐ நிரப்பி அலுவலகம் வழியாக அனுப்ப வேண்டும். வாக்குச்சீட்டு மின்னணு முறையில் வந்து சேரும். அச்சிட்டு, வாக்களித்து, தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். கணவரோடு தங்கியிருக்கும் மனைவிக்கும் இந்த வசதி உண்டு.

அர்ஜி

மாதந்தோறும் கமாண்டிங் ஆபீசர் எல்லோரையும் கூட்டிப் பேசுவதற்கு சைனிக் சம்மேளனம் என்று பெயர். தனிப்பட்ட குறை இருந்தால் வீரர் அர்ஜி, அதாவது மனு, கொடுத்து நேரில் பார்க்கலாம். வரும் குறைகளில் பெரும்பகுதி ஊர் நிலத்தைப் பற்றியது. அண்ணன் வரப்பைத் தள்ளிவிட்டார், பட்டாவில் பெயர் சேரவில்லை, அம்மாவைப் பக்கத்து வீட்டார் மிரட்டுகிறார்கள். 2,000 மைலுக்கு அப்பால் காவல் நிற்கும் ஒருவனுக்கு இது இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். அலுவலகம் மாவட்ட ஆட்சியருக்கு கமாண்டிங் ஆபீசரின் கையெழுத்தோடு கடிதம் எழுதும். வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால், 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்காடல் சட்டம் உதவும். சிறப்புச் சூழலில் பணியாற்றுகிற வீரர் வர முடியாத நிலையில், அவர் இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிடாதபடி வழக்கைத் தள்ளிவைக்க அது வழி செய்கிறது. நூறு ஆண்டு பழைய இந்தச் சட்டம் பல வழக்கறிஞர்களுக்கே தெரியாது. பட்டாலியன் சான்றிதழ் தந்தால் பயன்படுத்தலாம்.

இறப்பு நேரும் நாள்

எந்த ஆண்டுத் திட்டத்திலும் இது எழுதப்பட்டிருக்காது. ஒரு வீரர் இறந்துவிட்டால் அலுவலகத்துக்கு முதல் சில மணி நேரம் மிக முக்கியம். உறவினர் பதிவேட்டை எடுத்து, குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். உடலை ஊருக்கு அனுப்பும் ஏற்பாடு, உடன் செல்லும் வீரர்கள், மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல். அதே வேளையில் இறப்பு எந்தச் சூழலில் நேர்ந்தது என்ற அறிக்கையும் போகும். அந்த அறிக்கையும், தொடர்ந்து கூடும் விசாரணை நீதிமன்றத்தின் முடிவும் குடும்பத்தின் வாழ்நாள் வருமானத்தை நிர்ணயிக்கின்றன. பணியோடு தொடர்பில்லாத இறப்பு என்றால் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு குடும்ப ஓய்வூதியம், தொடக்க ஆண்டுகளில் 50. பணி காரணமான விபத்து, நோய் என்றால் 60. எதிரியோடு மோதும் நடவடிக்கையில் என்றால் கடைசியாக வாங்கிய முழு ஊதியத்துக்கு இணையான தொகை. காவல் பணியில் வழுக்கி விழுந்து இறந்தவரைப் பற்றி ‘விபத்து’ என்ற ஒற்றைச் சொல்லோடு அறிக்கையை முடித்துவிட்டால், அவர் அந்த நேரத்தில் கடமையில் இருந்தார் என்பதை நிறுவ மனைவி தீர்ப்பாயம் வரை போக நேரலாம். எந்த ஆணையின்படி, எந்த ரோந்தில், எத்தனை மணிக்கு என்று எழுதுபவரின் கையில் அவ்வளவு இருக்கிறது. இராணுவக் குழுக் காப்பீட்டுத் தொகைக்கும் இதே ஆவணங்கள்தான் அடிப்படை.

ஓய்வு பெறுபவர்களின் தாள்கள் ஆண்டு முழுக்க நகர்ந்துகொண்டிருக்கும். 15 ஆண்டு முடித்தால் சிப்பாய்க்கு ஓய்வூதியத் தகுதி வந்துவிடும். போகவிருப்பவரின் கோப்பு பல மாதங்களுக்கு முன்பே வெல்லிங்டனுக்குப் போய், அங்கிருந்து ஸ்பர்ஷ் என்ற இணைய முறை வழியாக பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தைச் சேரும். ஓய்வுக்குப் பின் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தரவேண்டியதும் இதே ஸ்பர்ஷில்தான்.

இப்போது இந்த அலுவலகங்களுக்குப் புதிதாக ஒரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணிக்கு வந்த அக்னிவீர்களுக்கு ஆண்டு விடுப்பு 30 நாள்தான். ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. முதல் ஆண்டு மாத ஊதியம் 30,000 ரூபாயில் 9,000, பணி முடிவில் மொத்தமாகத் தரப்படும் சேவா நிதிக்குப் போகும், அரசும் அதே அளவு போடும். ஆகவே ஒரே சாவடியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவருக்கு இரண்டு விதமான விடுப்புப் பதிவு, இரண்டு விதமான சம்பளக் கணக்கு. நான்கு ஆண்டு முடிவில் 25 விழுக்காடு வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். 2023 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்குள் நுழைந்த முதல் தொகுதியின் நான்கு ஆண்டு 2026இன் முடிவை ஒட்டி நிறைகிறது. யார் இருப்பார், யார் போவார் என்ற முடிவுக்கு உடல்தகுதித் தேர்வு, துப்பாக்கி சுடும் மதிப்பெண், ஒழுக்கப் பதிவு, மேலதிகாரியின் மதிப்பீடு எல்லாம் தேவை. அக்னிவீராக இருக்கும் இளைஞர்கள் தங்கள் மதிப்பெண்களும் தேர்ச்சிகளும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று இப்போதே கம்பெனி கிளார்க்கிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.